மேகொங் நதியின் மறுகரை

கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்தவர்க்கு எல்லை என்னுஞ் சொல் கடலையே நினைப்பூட்டும். நம் பாட்டன்மார் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினர். நாமோ கட்டுநாயக்காவில் விமானமேறுகின்றோம். எவ்வழியாற் போயினும் ஒரு நாட்டை விட்டபின் நெடுநேரம் நீரையோ முகிலையோ கண்டு, மனத்தை ஆயத்தஞ் செய்துகொண்ட பின்னரே மற்றொரு நாட்டை மிதிக்கின்றோம். நிலத்தில் நடந்து சென்று நாடு மாறுதல் என்பது நம்மவருக்குப் பூமிசாத்திரப் புத்தகத்திற் படித்த செய்தியேயன்றிக் காலாற் கண்ட செய்தியன்று.

அதனைக் காலாற் காணும் வாய்ப்பு எனக்கு 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே கிடைத்தது. உல்லாசப் பிரயாணமாக அது கிடைக்கவில்லை. என் மனைவி கணித ஆசிரியை. போரிலே இடிந்த எங்கள் வீட்டை மீளக் கட்டுதற்கு வாங்கிய கடன் எங்கள் இருவர் சம்பளத்துக்கும் மிஞ்சி நின்றமையால், அவர் சம்பளமற்ற விடுமுறை பெற்றுப் பாங்கொக் நகரப் பாடசாலை ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்குச் சென்றார். வேலையுங் கிடைத்தது. ஆனால், அவர் கையிலிருந்ததோ சுற்றுலா வீசா. தொழில் புரிதற்குரிய வீசாவைத் தாய்லாந்துக்கு வெளியேயுள்ள ஒரு தாய்லாந்துத் தூதுவராலயத்திலே பெற்று வருமாறு பாடசாலையார் கூறிவிட்டனர். ஆகவே, மகளை அவளுடைய அம்மம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் பாங்கொக் சென்று துணையானேன்.

இத்தகைய பயணத்தைத் தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டார் பலர் அக்காலத்தில் வழக்கமாகவே செய்துவந்தனர். எல்லைக்கு அப்பாற் சென்று, வீசா பெற்று, மீள்வதே அதன் முழு நோக்கம். அதற்குப் பெயர்பெற்ற ஊர் லாவோஸ் நாட்டின் தலைநகராகிய வியந்தியான். காரணம் எளிது. வியந்தியான் மேகொங் நதிக்கரையில், எல்லையின் மேலேயே அமர்ந்திருக்கின்றது. கரையில் நின்று எதிரே நோக்கினாற் காண்பது தாய்லாந்து.

ஹுவா லம்போங் என்பது 1916இல் திறக்கப்பட்ட பாங்கொக்கின் பழைய புகையிரத நிலையம். அங்கிருந்து இரவு எட்டு மணியளவிற் புறப்பட்டோம். நக்கோன் ராட்சசீமா, கோன் கேன், உடோன் தானி என்னும் நகரங்களை உறக்கத்திலே கடந்து, ஏறக்குறைய 620 கிலோமீற்றர் சென்று, காலையில் நொங்காய் என்னும் எல்லையூரை அடைந்தோம். மாரிக்காலம் ஆகையால் இருமருங்கும் நெல்வயல்கள் பச்சைப் பாயாகக் கிடந்தன. மனைவி அவற்றைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கோப்பைத் திறந்து, பாடசாலையின் நியமனக் கடிதம், பட்டச் சான்றிதழ், புகைப்படம், பிரதிகள் என்று ஒவ்வொன்றாக எண்ணி, மூடி, மறுபடியுந் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தரம் எண்ணுவீர்? தாள் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது” என்றேன்.

“உங்களுக்கென்ன, நீங்கள் விடுமுறைக்கு வந்தவர். எனக்கு இந்தத் தாள்தானே வீடு” என்றார்.

தாய்லாந்தின் குடியகல்வுச் சாவடி பாலத்தின் அடியிலேயே இருக்கின்றது. அங்கே கணவன், மனைவி என்னும் பேச்சில்லை. ஒருவர் பின் ஒருவராக நின்று, ஒருவர் ஒருவராகவே முத்திரை பெறவேண்டும். ஒருமுறை நுழைவுக்கு மாத்திரம் வழங்கப்பட்ட வீசா, நாட்டைவிட்டு வெளியேறிய கணத்திலே செத்துப்போகும். என் வீசா அத்தகையது ஆதலின், முன்கூட்டியே 1,000 பாத்து செலுத்தி மீள்நுழைவு அனுமதி பெற்றிருந்தேன். மனைவிக்கு அத்தேவை இல்லை. பழைய வீசா சாகவேண்டும், புதியது பிறக்கவேண்டும் என்பதற்காகவே அவர் வெளியேறினார். முத்திரை விழுந்த ஓசையைக் கேட்டதும் அவர் முகம் சற்றே வெளிறியது. திரும்பிச் செல்லும் உரிமை அக்கணத்தில் அவரிடம் இல்லை.

அவ்வரிசையில் நின்றபொழுது ஒன்று நினைவுக்கு வந்தது. நிலத்தெல்லை நமக்குப் புதிது என்று மேலே எழுதினேன். எனினும், என் வயதினரான வடபகுதி மக்கள் அதனை ஒருவாறு அறிவர். 2002ஆம் ஆண்டு கண்டிவீதி திறக்கப்பட்ட காலந்தொடங்கி 2006இல் அது மீண்டும் மூடப்படும் வரை, ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்பினரின் சாவடிகளையுங் கடந்தே யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போனோம். பெட்டியைத் திறந்தோம், அடையாள அட்டையை நீட்டினோம், பெயரைச் சொன்னோம். வரைபடத்தில் அங்கே எல்லை எதுவும் இல்லை. ஆயினும் வரிசை இருந்தது. மேகொங் கரையிலும் அதே வரிசை. தாளை இறுகப் பற்றிய அதே விரல்கள்.

பாலத்தைக் கால்நடையாகக் கடக்கப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. அதற்கென ஓடும் பஸ்ஸில் ஏறினோம். தாய்-லாவோ நட்புறவுப் பாலம் எனப்படும் இது 1,170 மீற்றர் நீளமானது; அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு கட்டப்பட்டு 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி திறக்கப்பட்டது. நடுவே புகையிரதப் பாதையும் பதிக்கப்பட்டிருக்கின்றது. கீழே மேகொங் செந்நிறமாகப் பெருக்கெடுத்து, மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு சென்றது. திபெத்தியப் பீடபூமியிற் பிறந்து ஆறு நாடுகளைக் கண்டு 4,300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கடலிற் கலக்கும் மகாநதி அது. பாலத்தின் ஒரு பாதியில் ஒரு நாட்டின் கொடிகள். மறுபாதியில் மற்றதன் கொடிகள். தாய்லாந்தில் நம்நாட்டிற் போல வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன; லாவோஸிலோ பிரெஞ்சு ஆட்சியின் வழக்கப்படி வலப்பக்கம். பாலம் முடிந்து லாவோஸ் சாவடியை நெருங்குமிடத்தில், விளக்குச் சமிக்ஞைக்குக் காத்து நின்று, வாகனங்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிக்கொள்கின்றன. நாடு மாறிவிட்டது என்பதை உடம்பு உணர்ந்தது அங்கேதான்.

மற்றெதிலும் அவ்வளவாக மாற்றங் காணவில்லை. இக்கரையிலும் ஒட்டும் பதமான அரிசிச் சோற்றை மூங்கிற் கூடையிலிட்டு உண்கிறார்கள், அக்கரையிலும் அவ்வாறே. பப்பாசிக்காயை உரலில் இடித்துச் செய்யும் உறைப்பான உணவு இருபுறத்தும் உண்டு. பேச்சும் ஒன்றே. ஆற்றை இருசாராரும் ‘மே நாம்’ என்கின்றனர். ‘தாய்நீர்’ என்பது அதன் பொருள். லாவோஸில் மேலதிகமாகக் கண்டவை பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற நீண்ட பாணும், பூச்சியங்கள் நிறைந்த நாணயத்தாள்களுமே. நாலாயிரம் பாத்தை மாற்றியபொழுது ஏறக்குறைய பத்து இலட்சம் கிப் கையிற் கிடைத்தது. வாழ்நாளில் முதன்முறையாக இலட்சாதிபதியானேன். அடுத்த நாள் மாலையே அந்தப் பதவி பறிபோனது.

ஒரே பேச்சும் ஒரே சோறும் உடைய மக்கள் இரு நாட்டினராகியது எவ்வாறு? இதற்கு விடை வரலாற்றில் உண்டு. 1779இல் சீயம் நாட்டுப் படை வியந்தியானைக் கைப்பற்றி, அங்கிருந்த மரகதப் புத்தர் திருவுருவத்தை எடுத்துச் சென்றது. பாங்கொக்கின் அரச ஆலயத்தில் இன்று வணங்கப்படுவது அவ்வுருவமே. பின்னர் அனுவோங் என்னும் லாவோ மன்னன் சீயத்தின் மேலாதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றான். 1828இல் வியந்தியான் அழிக்கப்பட்டது. திரளான குடிமக்கள் ஆற்றின் வலக்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இதனால், லாவோ மொழியின் வழக்குகளைப் பேசுவோர் இன்று லாவோஸில் இருப்பதினும் தாய்லாந்தின் வடகிழக்கிலேயே மிகுதி. 1893இல் பிரான்சு சீயத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் மேகொங்கின் இடக்கரை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதுவரை ஒரூரின் இரு கரைகளை இணைத்த ஆறு, ஒரு தாளில் இட்ட கையொப்பத்தால் இரு நாடுகளைப் பிரிக்கும் ஆறாயிற்று. ஓடத்தில் மாமன் வீட்டுக்குப் போனவர்களின் பேரர் அதே மாமன் வீட்டுக்கு முத்திரை பெற்றுப் போகவேண்டியதாயிற்று.

வீசா விண்ணப்பம் ஏற்கும் இடத்தை நாங்கள் அடைந்தபோது முற்பகல். முன்னரே ஒரு நூறு பேர் வரை அங்கு நின்றனர். ஆங்கிலேயர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஆபிரிக்கர், இந்தியர் எனப் பல நாட்டாரும் கையில் இலக்கச்சீட்டுடன் காத்திருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ஆசிரியர் என்பது பேச்சிலே தெரிந்தது. நெடுநேரத்தின் பின் எங்கள் இலக்கம் வந்தது. உத்தியோகத்தரான பெண்மணி கடிதத்தையும் கடவுச்சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு மிகுந்த மரியாதையோடு, “இவை இரண்டும் ஒருவருடைய பெயரா?” என்று ஆங்கிலத்தில் வினவினார்.

சிக்கல் இதுதான். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. பெண்ணொருத்தி பிறந்தபொழுது தந்தையின் பெயரைத் தன் பெயரோடு கொள்கின்றாள். மணமானபின் பலர் கணவன் பெயரைக் கொள்கின்றனர். மனைவியின் கடவுச்சீட்டு அவருடைய தந்தையார் பெயருடன் இருந்தது. பாடசாலையிலோ அவரைத் திருமதி என என் பெயரோடு சேர்த்து அழைத்துப் பழகியவர்கள், நியமனக் கடிதத்தையும் அப்படியே எழுதிவிட்டனர். ஊரிலே இரண்டு பெயரும் ஒருவரே என்பதை ஒழுங்கையில் விளையாடும் பிள்ளையும் அறியும். அங்கே, கண்ணாடிக்கு அப்பாலிருந்தவருக்கு அவை இரு வெவ்வேறு பெண்கள்.

மனைவி விளக்கமளித்தார். உத்தியோகத்தர் தலையசைத்துக் கேட்டார். ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை. விளக்கம் போதாது, எழுத்து வேண்டும் என்பது அவர் பார்வையிலே தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து கால்மாற்றி நின்றார்கள். கடிதத்தை மாற்றி எழுதுவித்து வருவதாயின் பாங்கொக்கிலிருந்து அது வந்துசேரவேண்டும். பாடசாலைத் தவணையோ தொடங்கிவிட்டது. குறித்த வாரத்துள் வேலையை ஏற்காவிடின் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அப்பொழுது மனைவி என்பக்கந் திரும்பி, “இஞ்சாருங்கோ, அம்மா தந்துவிட்ட உறை எங்கே?” என்றார்.

புறப்படும்போது என் மாமியார் ஒரு பழுப்பு நிற உறையை என் பையில் வைத்திருந்தார். “கலியாண எழுத்தும் இங்கிலீசுப் பிரதியும் இருக்குது, தம்பி. பிறதேசத்திலே புருஷன் பெண்சாதி எண்டு வாயாலே சொன்னால் ஆர் நம்புவினம்?” என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. உறையை எடுத்து நீட்டினேன். உத்தியோகத்தர் அதில் மணமகள் பெயரையும் மணமகளின் தந்தையார் பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். என் கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு மூன்று தாள்களையும் ஒன்றாகத் தைத்து, 2,000 பாத்துக் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, மறுநாட் பிற்பகல் வருமாறு கூறினார். கிடைக்கும் என்றும் சொல்லவில்லை; கிடைக்காது என்றும் சொல்லவில்லை.

காத்திருந்த ஒன்றரை நாளில் ஊரைப் பார்த்தோம். வாட் சீ சாகெட் என்னும் விகாரை 1818இல் அனுவோங் மன்னனாற் கட்டப்பட்டு, 1828இன் அழிவிலே தப்பிநின்றது. அதன் உட்சுவரெங்கும் சிறு மாடங்களில் ஆயிரக்கணக்கான புத்தர் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. எதிரேயுள்ள ஹோ ப்ரா கேவ், மரகதப் புத்தருக்காகக் கட்டப்பட்டது. கோயில் மீளக் கட்டப்பட்டு நிற்கின்றது. மூலமூர்த்தி மட்டும் அங்கில்லை. ஆற்றைக் கடந்து போன அத்திருவுருவம் திரும்பவில்லை. இராமகாதை இந்நாட்டில் ‘ப்ரா லக் ப்ரா லாம்’ என்று வழங்குகின்றது. தம்பியின் பெயர் முன்னே நிற்பதைக் கேட்டு மனைவி முதன்முறையாகச் சிரித்தார். கதை நிகழும் நிலமும் அயோத்தியன்று, மேகொங் கரையே. கதைகள் வீசாவின்றி நாடு கடந்து, குடியுரிமையும் பெற்றுவிடுகின்றன போலும்.

மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன.

“இரண்டு கரையிலும் ஒரே சனம். ஆனால் நான் இப்போது அந்தக் கரைக்குப் போகேலாது, நீங்கள் போகலாம்” என்றார் மனைவி. சற்றுநேரங் கழித்து, “இது கிடைக்காவிட்டால் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவம்?” என்றார்.

“கிடைக்காவிட்டால் இரண்டு பேருமாக ஊருக்குப் போவம். கடனை இருந்து கட்டுவம்” என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை. அவரும் வேறெதனையும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாட் காலை நகருக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தொலைவில், ஆற்றோரமாகவுள்ள சியெங் குவான் என்னும் சிலைப்பூங்காவுக்குச் சென்றோம். புன்லுவா சுலிலாட் என்பவர் 1958இல் அதனை அமைக்கத் தொடங்கினார். புத்தர் மட்டுமன்றிச் சிவன், விட்டுணு, முத்தலை யானைமீது இந்திரன் என நம் சமயத்தாருக்குப் பழக்கமான மூர்த்தங்களும் சீமெந்திலே பேருருக்கொண்டு புல்வெளியில் நிற்கின்றன. இந்துசமய முனிவர் ஒருவரிடம் அவர் உபதேசம் பெற்றார் என்பது அவரைக் குறித்து வழங்கும் கதை. 1975இல் லாவோஸில் ஆட்சி மாறியபோது மக்கள் பலர் மேகொங்கைக் கடந்து தாய்லாந்திற் புகலடைந்தனர். அவரும் அவ்வாறே கடந்தார். சிலைகளை அவர் கொண்டுபோதல் இயலுமா? நொங்காயிலே வெறுங்கையோடு நின்றவர், 1978இல் சலா கேவ் கூ என்னும் மற்றொரு சிலைப்பூங்காவைத் தொடங்கினார். அங்குள்ள சில உருவங்கள் 25 மீற்றர் வரை உயர்ந்தவை. 1996இல் அவர் காலமானார். இன்று ஒரே மனிதரின் இரு தோட்டங்கள், ஆற்றின் இரு கரைகளிலும், இரு நாடுகளுக்கு உரியனவாக நிற்கின்றன. அகதியாக எல்லை கடந்தவர் தம் நினைவிலிருந்ததை மறுகரையில் மீளக் கட்டினார் என்னும் செய்தி, இடிந்த வீட்டைக் கட்டிய கடனோடு அங்கு நின்ற எங்களுக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை.

பிற்பகலிற் கடவுச்சீட்டு கிடைத்தது. மனைவி அதனைத் திறக்காமல் என்னிடந் தந்து, “நீங்கள் பாருங்கோ” என்றார். பக்கமொன்றை நிறைத்துப் புதிய வீசா ஒட்டப்பட்டிருந்தது. அதிலே அவருடைய பெயர், தந்தையார் பெயருடன், எழுத்துப் பிசகாமல் இருந்தது. அவர் அங்கேயே ஒரு மரத்தடியில் நின்று தம் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார். “உறைதான் காப்பாற்றினது, அம்மா” என்று மட்டும் சொன்னது எனக்குக் கேட்டது.

பாலத்தை மீண்டுங் கடந்து, தாய்லாந்துச் சாவடியில் அவர் 90 நாட்கள் தங்குவதற்குரிய முத்திரை பெற்றார். தொழில் அனுமதி கிடைத்தபின் அது ஓராண்டாக நீடிக்கப்பட்டது. அவர் இரண்டாண்டுகள் அங்கே கற்பித்தார், கடனும் அடைபட்டது.

அதன்பின் அவ்வெல்லையிற் பல மாற்றங்கள் நேர்ந்துவிட்டன. 2021 டிசெம்பரில் வியந்தியானிலிருந்து சீன எல்லைவரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 2024 யூலை முதல் பாங்கொக்கிலிருந்து வியந்தியானுக்கே நேரடிப் புகையிரதம் ஓடுகின்றது. தாய்லாந்து வீசாவுக்கான விண்ணப்பத்தை இப்பொழுது இணையவழியே அனுப்புகின்றனர். இலக்கச்சீட்டோடு முற்றத்தில் நிற்கும் கூட்டம் பழங்கதையாகிவிட்டது. ஆனால், பெயர் பற்றிய கேள்வி கணினித் திரைக்கும் பொருந்தும். அதற்குப் புருவத்தை உயர்த்திப் பார்க்கும் கண்ணும் இல்லை, மாமியாரின் உறையைத் தொட்டுப் பார்க்கும் விரலும் இல்லை.

ஆகவே, மேற்படிப்புக்கும் தொழிலுக்குமாக வெளிநாடு செல்ல எண்ணும் மாணவர்க்கு ஓர் ஆசிரியனாக ஒன்று கூறுவேன். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில், ஒரே ஒழுங்கில் இருக்கின்றதா என்று இப்பொழுதே பார்த்து வையுங்கள். நம் பெயர்முறை நமக்கு அழகானது. தந்தையையும் மகளையும் ஒரே வரியிற் சேர்த்துச் சொல்வது. அதை விட்டுவிட வேண்டியதில்லை. அதனை அறியாத ஒருவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருநாள் கேட்பார் என்பதை மட்டும் நினைவில் வைத்து, விடையைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் புறப்படும்வேளையில் ஓர் உறையைத் தந்தால், அதனையும் பையின் அடியில் வையுங்கள்.